வேர்நுனியில் மூன்று மில்லிமீட்டர்

ரூட் கேனால் செய்து, கேப் போட்டு, செலவெல்லாம் முடிந்து, ஒன்றிரண்டு வருடம் நன்றாக மென்று சாப்பிட்டுக்கொண்டிருந்த பல்லுக்கு மேலே ஈறில் ஒரு சின்னக் கொப்புளம் வரும். பெரிய வலி இருக்காது. அழுத்தினால் கொஞ்சம் சீழ் வந்து இரண்டு நாளில் அடங்கிவிடும், அடுத்த மாதம் அதே இடத்தில் திரும்பவும் எட்டிப் பார்க்கும். காரைக்குடியில் என்னிடம் இப்படி வருகிறவர்களில் பலர் முடிவு எடுத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருகிறார்கள். கோட்டையூரிலிருந்து வந்த ஒரு ஆச்சி, "இத்தனை செலவு பண்ணியும் நிக்கலைன்னா அது நிக்காத பல்லு தம்பி, எடுத்துப் போட்ருங்க" என்றார்கள். அவர்களுடைய கோபம் நியாயம்தான். ஆனால் எக்ஸ்ரேயில் அந்தப் பல்லின் வேர் திடமாக இருந்தது, சுற்றி எலும்பும் இருந்தது. வேரின் நுனியில் மட்டும் ஒரு கறுப்பு வட்டம். அதற்காக முழுப் பல்லையும் எடுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கட்டுரை அந்த நுனியைப் பற்றியது. நுனியை வெட்டி எடுத்த பிறகு அங்கே வைத்து அடைக்கிற பொருளைப் பற்றியது. நோயாளிகள் மைக்ரோஸ்கோப் பற்றிக் கேட்பார்கள், லேசர் உண்டா என்று கேட்பார்கள், உள்ளே என்ன வைக்கிறீர்கள் என்று கேட்பவர் அபூர்வம். எனக்கோ அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் தையல் பிரித்து, வீக்கம் வடிந்து, என்னையும் மறந்த பிறகு பல வருடம் அவர்கள் எலும்புக்குள் இருக்கப்போவது அந்தப் பொருள் மட்டும்தான்.

முதலில் அந்தக் கறுப்பு வட்டம் ஏன் வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். 1965இல் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற மூன்று பேர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளின் பல்லைத் துளைத்து, உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் மென்திசுவான பற்கூழைத் திறந்து விட்டார்கள். உணவுத் துணுக்கு எல்லாம் போய் அடைத்துக்கொண்டும் கூழ் சாகவில்லை, தன்னைத் தானே மூடிக்கொண்டது. சாதாரண எலிகளிலோ கூழ் அழுகி வேர்நுனியில் சீழ்க்கட்டி வந்தது. வேர்நுனி நோய்க்கு மூலம் கிருமி என்பது அதோடு உறுதியானது. ரூட் கேனாலில் நாம் செய்வதெல்லாம் அந்தக் கிருமியை விரட்டி வழியை அடைப்பதுதான். ஆனால் வேர் ஒரே நேர்க்குழாய் கிடையாது. நுனிக்கு வரும்போது அது கிளை கிளையாகப் பிரியும், அந்தக் கிளைகளில் பெரும்பாலானவை கடைசி 3 மில்லிமீட்டருக்குள் இருக்கின்றன. எந்த மருந்தும் எந்தக் கம்பியும் போகாத சந்துகள் அவை.

அதனால்தான் அறுவையில் அந்த 3 மில்லிமீட்டரை வெட்டி எடுத்துவிடுகிறோம். ஈறைத் திறந்து, எலும்பில் நாலைந்து மில்லிமீட்டர் சாளரம் போட்டு, நுனியை நறுக்கி, பிறகு வெட்டிய முகத்திலிருந்து வேருக்குள் இன்னொரு 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மீயொலி முனையால் குழி எடுக்கிறோம். மெத்திலீன் நீலம் தடவி வெடிப்பு ஏதும் இருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறோம். அப்புறம் அந்தக் குழியை அடைக்க வேண்டும். உள்ளே மிச்சமிருக்கும் கிருமி எலும்புக்குள் கசியாமல் நிறுத்துவது இந்த அடைப்பு ஒன்றுதான்.

சரி, அடைப்பது என்ன பெரிய வேலை என்று தோன்றலாம். சொத்தைக்கு அடைப்பதில்லையா? அங்கே வாயில் பஞ்சு வைத்து, காற்று அடித்து, பல்லை உலர்த்தி, ஒளி காட்டி இறுக்குகிறோம். இங்கே நிலைமை வேறு. குழி இருப்பது ரத்தம் ஊறும் எலும்புக்குள். எபிநெஃப்ரின் தோய்த்த பஞ்சு வைத்து ரத்தத்தை நிறுத்தினாலும் சில நிமிடங்கள்தான், பிறகு ஈரம் வந்துகொண்டே இருக்கும். பொருளின் ஒரு முகம் பல்லைப் பார்த்திருக்கிறது, மறுமுகம் உயிருள்ள எலும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. பல்லோடு கசிவில்லாமல் ஒட்ட வேண்டும், எலும்பைப் புண்ணாக்கக் கூடாது, கரைந்து போகக் கூடாது, எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும், இத்தனையும் ஈரத்தில் நடக்க வேண்டும்.

வெகுகாலம் அங்கே வைத்தது அமால்கம். வெள்ளி, தகரம், செம்பு கலந்த தூளைப் பாதரசத்தோடு பிசைந்து வைப்பது, எடையில் பாதிக்குப் பாதி பாதரசம். கடைவாய்ப் பல்லின் மேல் முகத்தில் அது உழைத்த உழைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். வேர்நுனியில் அது சரிப்படவில்லை. துத்தநாகம் கலந்த வகை ஈரம் பட்டால் நாள்கள் கழித்து விரியும். உடலின் உப்புநீரில் தகரம் அரிக்கும். அரித்த உலோகம் ஈறில் படிந்து நீலக்கறுப்புத் தழும்பாக நிற்கும், முன்பல்லுக்கு மேலே அந்தக் கறையோடு வருகிறவர்களை இன்றும் பார்க்கலாம். பிறகு துத்தநாக ஆக்சைடும் கிராம்பிலிருந்து வரும் யூஜினாலும் சேர்ந்த சிமெண்டுகள் வந்தன, அவை அமால்கத்தைவிட மேல். ஆனால் அவையும் எலும்பு சகித்துக்கொள்கிற பொருள்களாகத்தான் இருந்தன.

1990களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத் என்ற பேராசிரியர் ஈரத்தில் இறுகும் பொருள் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் போய் நின்ற இடம் கட்டட சிமெண்ட். ஆமாம், 1824இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கிய அதே போர்ட்லாண்ட் சிமெண்ட் வகை. அதைச் சுத்தப்படுத்தி, நுண்ணிய தூளாக்கி, எக்ஸ்ரேயில் தெரிவதற்காக பிஸ்மத் ஆக்சைடு கலந்து, மினரல் ட்ரையாக்சைடு அக்ரிகேட் என்று பெயர் வைத்தார்கள். சுருக்கமாக எம்.டி.ஏ. 1993இல் முதல் ஆய்வுகள் வெளிவந்தன, 1998இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவது எனக்குச் சுலபம். ஆத்தங்குடியில் தரைக்கல் போடுகிற பட்டறைக்குள் ஒரு தடவை போனவர்களுக்குத் தெரியும். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் உலர்வாகத் தூவி, பிறகு ஈரக் கலவை வைத்து அமுக்குவார்கள். சூளை கிடையாது. காய்ந்த கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள், பலம் ஏறுவது அங்கேதான். எம்.டி.ஏ.வுக்கும் இதே குணம். அதை இறுக்குவது உலர்ச்சி கிடையாது, தண்ணீரோடு நடக்கும் வேதிவினை. மற்ற அடைப்புகளுக்கு எதிரியாக இருந்த ரத்த ஈரம் இதற்கு வேண்டிய சரக்காகிவிட்டது.

அந்த வினையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், ஏனென்றால் உடலோடு ஒத்துப்போகும் குணம் முழுக்க அங்கிருந்துதான் வருகிறது. தூளில் முக்கியமானது ட்ரைகால்சியம் சிலிகேட். அது தண்ணீரோடு சேரும்போது இரண்டு பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற ஜெல் போன்ற கூழ், இதுதான் இறுகி உருவம் கொடுக்கிறது. இன்னொன்று கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. கலந்தவுடன் காரத்தன்மை pH அளவில் 10.2, மூன்று மணி நேரத்தில் 12.5 வரை ஏறுகிறது, பெரும்பாலான கிருமிகள் அதில் பிழைக்க முடியாது. சுண்ணாம்பிலிருந்து பிரிகிற கால்சியம் திசுநீரில் இருக்கும் பாஸ்பேட்டோடு சேர்ந்து, அடைப்பின் மேல் எலும்பின் கனிமத்தை ஒத்த அப்படைட் படலத்தை உண்டாக்குகிறது. வேருக்கும் அடைப்புக்கும் நடுவில் இருக்கிற நுண்ணிய இடைவெளியிலும் இது படிகிறது.

அதற்கப்புறம் நடப்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். 1990களில் நாய்களிலும் குரங்குகளிலும் செய்த ஆய்வுகளில், எம்.டி.ஏ. வைத்த வேர்நுனியின் மேலேயே சிமென்டம் வளர்ந்திருந்தது. சிமென்டம் என்பது வேரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய கடினப் படலம், பல்லை எலும்போடு கட்டும் நார்கள் அதில்தான் ஊன்றியிருக்கும். அமால்கம் வைத்த இடத்தில் அந்தப் படலம் அடைப்பின் மேல் ஏறவில்லை, அழற்சியும் அடங்காமல் இருந்தது. உயிருள்ள செல்கள் ஒரு சிமெண்ட் பரப்பை வேர் என்று ஏற்றுக்கொண்டு அதன் மேல் கட்டிக்கொண்டே போகின்றன. உடல் தள்ளிவிடாமல் இருப்பது ஒரு படி, உடல் வந்து குடியேறுவது அதற்கு மேல் படி. ஒரு அடைப்புப் பொருளை மதிப்பிட நான் இப்போது கேட்கிற கேள்வி இந்த இரண்டாவது படியைப் பற்றியது.

கோட்டையூர் ஆச்சிக்கு இதையெல்லாம் சொன்னபோது அவர்கள் சட்டென்று கேட்டது: "அப்ப வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்பையா உள்ளே வைக்கப் போறீங்க?" நல்ல கேள்வி. பொருள் அதே பொருள்தான். கால்சியம் ஹைட்ராக்சைடை 1920இல் ஹெர்மன் பல் மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார், ரூட் கேனால் நடுவில் மருந்தாக இன்றும் அதை வைக்கிறோம். ஆனால் சிமெண்டுக்குள்ளிருந்து அது சிறிது சிறிதாகக் கசிகிறது, இறுகிய கூழ் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. டப்பாவிலிருந்து எடுத்த சுண்ணாம்பை வலிக்கிற பல்லின் ஈறில் அப்பினால் ஈறு வெந்துபோகும். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், வெந்த ஈறோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே இன்னொரு கேள்வியும் வரும், பயிற்சி மருத்துவர்களே கேட்பார்கள்: கட்டட சிமெண்ட்தான் என்றால் மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தால் என்ன? கூடாது. கட்டட சிமெண்ட் சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1450 டிகிரியில் சுட்டு வருவது. கல்லிலும் மண்ணிலும் எரிபொருளிலும் இருக்கும் ஆர்சனிக், ஈயம் போன்றவை அதில் ஒட்டிக்கொண்டு வரும், மூட்டைக்கு மூட்டை அளவு மாறும். சுவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. எலும்புக்குள் வைப்பதற்குத் தெரிந்த கலவை வேண்டும், ஒரே சீரான துகள் அளவு வேண்டும், கிருமி நீக்கம் வேண்டும், எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும். இன்று வரும் புதிய பொருள்களில் பல, சுரங்கத்துக் கல்லை நம்பாமல் சுத்தமான ரசாயனங்களிலிருந்து ட்ரைகால்சியம் சிலிகேட்டைத் தயாரிக்கின்றன. சரியான பாதை என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு பொருளை உடலுக்கு ஏற்றது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? ஐ.எஸ்.ஓ. 10993, பல் மருத்துவத்துக்கென்றே ஐ.எஸ்.ஓ. 7405 என்று தரநெறிகள் இருக்கின்றன. முதுநிலைப் படிப்பில் ஆய்வகத்தில் நான் உட்கார்ந்தது முதல் கட்டத்தில்தான். 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு, ஒவ்வொரு குழியிலும் எலியின் நார்த்திசு செல்கள். பொருளை ஊறவைத்த திரவத்தை ஊற்றி, ஒரு நாள் விட்டு, மஞ்சள் சாயம் சேர்ப்போம். உயிரோடிருக்கும் செல் அந்த மஞ்சளை ஊதாவாக மாற்றும். தட்டைத் தூக்கிப் பார்த்தால் எந்தக் குழியில் உயிர் இருக்கிறது என்று வெறும் கண்ணுக்கே தெரியும், கருவி அதை எண்ணாக்கித் தரும். எம்.டி.ஏ.வைக் கலந்த உடனே சோதித்தால் ஊதா வெளுக்கும், காரம் செல்களைக் கொல்கிறது. இறுகிய பிறகு சோதித்தால் ஊதா நன்றாக ஏறும். ஆக, எந்த நேரத்தில் சோதித்தோம் என்று சொல்லாமல் 'நச்சுத்தன்மை இல்லை' என்று எழுதுகிற விளம்பரத்தை நான் நம்புவதில்லை. அறுவையில் நாம் வைப்பது இறுகாத கலவையைத்தான், எலும்பு முதலில் சந்திப்பது அதைத்தான். நல்ல வேளையாக அந்தக் காரம் தொட்ட இடத்தோடு நின்றுவிடுகிறது, திசுநீர் அதைத் தணிக்கிறது. தட்டுக்குப் பிறகு எலியின் தோலுக்கடியில் வைத்துப் பார்ப்பது, பிறகு பெரிய விலங்கின் பல்லிலேயே வைப்பது, கடைசியில் மனிதர்கள். ஒரு படியில் தேறியது அடுத்ததில் தேறும் என்று சொல்ல முடியாது.

எம்.டி.ஏ. வந்ததோடு எல்லாம் முடிந்துவிடவும் இல்லை. பிஸ்மத் ஆக்சைடு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. சிமெண்ட் மட்டும் என்றால் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது, அதற்காகச் சேர்த்தது. அதே பிஸ்மத், ரூட் கேனாலில் வேருக்குள் கழுவும் ஹைப்போகுளோரைட் திரவம் பட்டால் கறுத்துப் பல்லின் நிறத்தைக் கெடுக்கும், சிமெண்ட் இறுகுவதிலும் குறுக்கே நிற்கும். வேர்நுனியில் நிறம் யாருக்கும் தெரியாது, முன்பல்லின் கழுத்தருகே வைத்தால் தெரியும். அதனால் சிர்கோனியம் ஆக்சைடு, டாண்டலம் ஆக்சைடு, கால்சியம் டங்ஸ்டேட் என்று மாற்று தேடினார்கள்.

இன்னொரு குறை நேரம். எம்.டி.ஏ. இறுக 2 மணி 45 நிமிடம் ஆகும். கலந்தால் ஈர மணல் மாதிரி உதிரும். பள்ளம் வெட்டிய சின்னக் கட்டையில் அடைத்து, குச்சி வடிவில் எடுத்து, கை நடுங்காமல் அந்தச் சின்னக் குழிக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதிகம் கழுவினால் வைத்தது கழுவிக்கொண்டு வெளியே வரும். பயோடென்டின் என்ற பொருளில் கால்சியம் குளோரைடு சேர்த்து 12 நிமிடத்துக்குள் இறுக வைத்தார்கள். கட்டட வேலையில் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் குறைக்கச் சேர்க்கும் பாலிமர் வகையும் அதன் திரவத்தில் இருக்கிறது. பிசைவதற்கு அருமை. ஆனால் எக்ஸ்ரேயில் பல்லின் நிறத்துக்கு அருகிலேயே தெரிவதால், வேர்நுனியில் எங்கே அடைப்பு முடிந்து எங்கே வேர் தொடங்குகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிறகு வந்தது முன்கூட்டியே பிசைந்த மாவு வகை. அதில் தண்ணீரே கிடையாது, உடலின் ஈரத்தை எடுத்துத்தான் அது இறுகும். கையில் உருட்டி வைக்க முடிகிறது, உதிர்வதில்லை. வேர்நுனிக்கு எதை எடுப்பாய் என்று என்னைக் கேட்டால் இப்போதைக்கு இதைத்தான் சொல்வேன்.

விலையைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. வெளிநாட்டுப் பொட்டலம் ஒரு கிராமே சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. ஒரு வேர்நுனிக்கு ஒரு கிராமில் சிறு பங்குகூட வேண்டாம். மீதியை மூடி வைக்கலாம்தான், ஆனால் திறந்த தூள் காற்றின் ஈரத்தை இழுத்துக் கெட்டுப்போகும், ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். இதனால் சில இடங்களில் இன்னும் பழைய பொருள்களையே வைக்கிறார்கள், நோயாளிக்குத் தெரிவதும் இல்லை. இந்தியாவிலேயே தயாராகும் எம்.டி.ஏ. வகைகள் வந்து விலையைக் கொஞ்சம் இறக்கியிருக்கின்றன. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் எலும்புக் குழிகளை நிரப்பக் கால்சியம் பாஸ்பேட் சிமெண்டை உருவாக்கிக் காட்டியது. அந்த மாதிரி வேலை இன்னும் பல ஊர்களில் நடக்க வேண்டும்.

எங்கள் ஊரிலேயே ஏன் நடக்கக் கூடாது? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்ததுதான் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம், 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். உலோகம் உப்புநீரில் எப்படி அரிக்கிறது என்று பல தலைமுறை விஞ்ஞானிகள் உட்கார்ந்து படித்த இடம். வாய்க்குள் இருக்கும் உலோகமும் உப்புநீரில்தான் இருக்கிறது. சுண்ணாம்பு வேதியியலும் எங்கள் ஊருக்கு அந்நியம் இல்லை. சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசிய சுவர்கள் கானாடுகாத்தானில் இன்னமும் வழவழவென்று நிற்கின்றன. சுண்ணாம்பு காற்றில் எப்படிக் கல்லாகிறது, அதில் சேர்க்கும் கரிமப் பொருள் அதன் படிகத்தை எப்படி மாற்றுகிறது என்பதெல்லாம் கால்சியம் சிலிகேட் செய்கிறவர்கள் ஆய்வகத்தில் கேட்கும் கேள்விகளுக்குப் பக்கத்துக் கேள்விகள். அரைத்துக் கொடுத்த கொத்தனார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பல் மருத்துவரும் வேதியியலாளரும் அவர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

பொருள் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. 2010இல் செட்ஸரும் மற்றவர்களும் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பழைய முறை அறுவை 59 சதவீதமும், மைக்ரோஸ்கோப், மீயொலி முனை, புதிய அடைப்பு எல்லாம் சேர்ந்த முறை 94 சதவீதமும் வெற்றி காட்டின. அந்த வித்தியாசம் முழுவதையும் அடைப்பின் கணக்கில் எழுத முடியாது. நன்றாகப் பார்த்து, சிறிதாக வெட்டி, வேரின் நேர்கோட்டில் குழி எடுத்ததற்கும் அதில் பங்கு உண்டு. வேரே வெடித்திருந்தால் எந்தச் சிமெண்டும் காப்பாற்றாது, அப்போது பல்லை எடுப்பதுதான் சரி.

ஆச்சிக்கு அறுவை நன்றாக முடிந்தது. கொப்புளம் மறைந்தது. ஆனால் கொப்புளம் மறைந்ததை வைத்து நான் வெற்றி என்று எழுத முடியாது. எலும்பு நிரம்பியதா என்று ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். இங்கேதான் எங்களுக்குக் கஷ்டம். வலி இல்லாத பல்லுக்காக யாரும் பஸ் ஏறி வருவதில்லை, வேலை கெடும், கல்யாணம் இருக்கும், பிள்ளைகள் சென்னைக்குக் கூட்டிப் போயிருப்பார்கள். வராதவர்களின் பல் நன்றாக இருக்கிறதா, வேறு எங்கோ போய் எடுத்துவிட்டார்களா என்பது எங்களுக்குத் தெரிவதே இல்லை. நம் ஊர் வாய்க்கு, நம் ஊர் உணவுக்கு, வெற்றிலை போடும் பல்லுக்கு எந்தப் பொருள் எத்தனை வருடம் நிற்கிறது என்ற கணக்கு இப்படித்தான் கைநழுவிப் போகிறது. அதனால் வேர்நுனி அறுவை செய்துகொண்டவர்கள் இதைப் படித்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். உள்ளே என்ன பொருள் வைத்தார்கள் என்று கேட்டு, பெயரை உங்கள் மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வலி இல்லாவிட்டாலும் ஒரு வருடம் கழித்துப் படம் எடுக்கப் போங்கள், பழைய படத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.